முள்வால் பல்லிகளுக்கு நாங்கள் செய்த உபசாரம்

ஊர்வனப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் என் கடைசி வேலை நாளில் ஒரு கேள்வி கேட்டீர்கள். நான் பதில் சொல்லாமல், கேக் வெட்டப் போகிறார்கள் வாருங்கள் என்று உங்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டேன். அன்றைக்கு எனக்குச் சால்வை போர்த்தி, 'இவர் கையில் ஓர் உயிர் வீணாய்ப் போனதில்லை' என்று மேனேஜர் மைக்கில் பேசினார். அந்த நேரத்தில் உங்களுக்குப் பதில் சொல்லியிருந்தால் சால்வையைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

கேள்வி இதுதான். ஸ்டோர் ரூம் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. 'முள்வால் பல்லி: பராமரிக்கும் முறை' என்று தலைப்பு. அடியில், 'தகவல் தந்தவர்: வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர். தந்த நாள்: பல்லிகள் வந்த பன்னிரண்டாம் நாள்' என்று இருக்கிறது. அதில் 'பன்னிரண்டாம்' என்பதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே 'மூன்றாம்' என்று எழுதியிருக்கிறது. யார் இப்படிக் கிறுக்கினது மேடம் என்று கேட்டீர்கள்.

கிறுக்கியது நான்தான். நீங்கள் வந்து பார்ப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதல் நாள் கேட்பது, எது கடிக்கும் என்பது. நானும் அப்படித்தான் கேட்டேன். கடிக்கிறதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கடி தெரியும், ரத்தம் வரும், டிஞ்சர் போட்டால் ஆறிவிடும். நாம் நல்லது என்று நினைத்துச் செய்வது எங்கே கடிக்கிறது என்பதுதான் தெரியாது. பத்து வருடம் பாம்பையும் உடும்பையும் ஆமையையும் பார்த்துவிட்டால், ஊர்வனவற்றைப் பற்றி இனி யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று ஓர் எண்ணம் வந்துவிடும். எனக்கு இருபது வருடம் ஆகியிருந்தது. ஆகவே எண்ணம் இரண்டு மடங்கு இருந்தது.

ஓர் ஆடி மாதம். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில், அடுப்பு மூட்டி, வாணலி வைத்து, மூட்டுவலிக்கும் மற்ற பல வலிகளுக்கும் தைலம் காய்ச்சி விற்றுக்கொண்டிருந்த ஒருவரை வனத்துறையினர் பிடித்தார்கள். தைலம், வடக்கே பாலைவனத்தில் வாழும் முள்வால் பல்லியின் வால் கொழுப்பில் காய்ச்சுவது. வாங்குகிறவர்கள் நம்புவதற்காக நாலைந்து பல்லிகளை உயிரோடு விரிப்பில் பரப்பி வைத்திருப்பார். அவை ஓடாது. ஓடாமல் இருப்பதற்காக முதுகெலும்பை ஒடித்துவிடுவது அந்தத் தொழிலின் வழக்கம். விரிப்பில் இருந்தது நான்கு. சாக்கில் இருந்தது ஏழு. மொத்தம் பதினொன்றையும் எங்கள் வனவிலங்கு மீட்பு மையத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

எங்கள் மையத்தில் யானை என்றால் பெரியவர்கள் எல்லோரும் வருவார்கள். பல்லி என்றால் நாச்சிமுத்து வருவான். தொண்டாமுத்தூர்க்காரன், தோட்டம் துரவு உள்ள குடும்பம், தோட்டத்துக்குள் வருகிற யானையைத் துரத்தித் துரத்தி விலங்குகள் மேல் பாசம் வந்துவிட்டது என்பான். எனக்குக் கீழே ஊர்வனப் பிரிவில் அவன் ஒருவன்தான். கோணியை அவிழ்த்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ஏனுங்கக்கா, இதென்ன ஓணானுக்கு முதலை வால வெச்சுத் தெச்சாப்பல இருக்குது?" என்றான்.

அப்படித்தான் இருந்தது. ஒன்றரைச் சாண் நீளம், தட்டையான உடம்பு, சப்பை மூக்கு, வயதான சர்க்கார் குமாஸ்தாவின் முகம். வால் மட்டும் வளையம் வளையமாக முள். கரியைப் பூசியது போல எல்லாமே கறுத்துக் கிடந்தன. கறுப்புதான் அதன் நிறம் என்று பதிவேட்டில் எழுதினேன். என் முதல் தவறு அது. அதை மையிலேயே எழுதினேன்.

முதுகொடிந்த நான்கும் இரண்டு நாளில் செத்துவிட்டன. ஒன்றும் செய்வதற்கில்லை. பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு முன்னங்காலால் நகரப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த ஆளை நேரில் பார்த்தால் கன்னத்தில் அறைவேன் என்று எங்கள் கால்நடை டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் மெதுவாகப் பேசுகிறவர், "அறைங்கம்மணி, ஆனா மிச்சம் ஏழ மொதல்ல காப்பாத்துங்க" என்றார். அந்த ஏழும் வழக்குச் சொத்து. உத்தரவு வரும்வரை உயிரோடு வைத்திருந்து, பிறகு அவற்றின் சொந்தப் பாலைவனத்துக்கே அனுப்ப வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்த உபசாரத்தைக் கேளுங்கள்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இரண்டு விஷயத்தில் பெருமை அதிகம். ஒன்று தண்ணீர், மற்றொன்று குளுமை. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் வாசற்படி தாண்டுவதற்குள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, எங்க ஊர்த் தண்ணி எப்படிங்க இருக்குது என்று கேட்டுவிட்டுத்தான் மற்றப் பேச்சு. எங்கள் மையத்திலேயே அருமையான இடம் மாமரத்தடி அறைதான். நல்ல நிழல், மலைக் கணவாய்க் காற்று ஜன்னலில் நேராக அடிக்கும், ஆடிச் சாரல் லேசாக உள்ளே தெறிக்கும். அதை ஒழித்து ஏழு பேருக்கும் கொடுத்தோம். தரையில் ஈர மண் போட்டோம். தொட்டியில் தண்ணீர் வைத்தோம். நாச்சிமுத்து காலையும் மாலையும் உடம்பு நனைய ஸ்ப்ரே அடித்தான்.

"பாலைவனத்துல தண்ணியே பாத்திருக்காதுங்கக்கா, பாவம். ஒறம்பரை வந்தா மொதல்ல தண்ணி குடுக்கறதுதானுங்களே மொறை" என்றான். ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வரும் உறவினர். அந்தப் பல்லிகளை அவன் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டான்.

சாப்பாடு என் பொறுப்பு. உடும்புக்கு என்ன கொடுப்போமோ அதையே கொஞ்சம் பொடிசாக்கிக் கொடுத்தேன். அவித்த முட்டை, கொத்துக்கறி, வெட்டுக்கிளி. சுவரில் அட்டை எழுதி மாட்டினேன், நேரம் போட்டு, அளவு போட்டு. ஏழும் அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பதற்றத்தில் இருக்கிறது, பழகினால் சாப்பிடும் என்றேன். இப்படிச் சொல்லிக்கொள்வதில் ஒரு வசதி உண்டு. சாப்பிடாதது அதன் குற்றம் ஆகிவிடும்.

மூன்றாம் நாள் மூக்கைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்தது. குளுமையில் சளி பிடித்திருக்கிறது என்று தீர்மானித்து, டாக்டர் களிம்பு கொடுத்தார். பஞ்சில் துடைத்துத் துடைத்துப் பூசினோம். துடைத்தால் மறுநாளும் வந்தது. மறுநாளும் பூசினோம்.

அந்த மூன்றாம் நாள் காலையில்தான் நாச்சிமுத்து கேட்டிலிருந்து வேகமாக வந்தான்.

"அக்கா, அந்தத் தைலக்காரரு வந்திருக்கறாருங்க."

எங்கள் மையத்தை ஒட்டித்தான் வனச்சரக அலுவலகம். அவருக்குச் சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். அதைக் காட்டி ஜாமீன் வாங்கியிருந்தார். தினமும் பத்து மணிக்கு அங்கே வந்து கையெழுத்துப் போட வேண்டும். போகிற வழியில் எங்கள் கேட்டில் நின்றிருக்கிறார்.

"என்ன வேணுமாம்?"

"தண்ணி காட்ட வேண்டாமுன்னு சொல்லச் சொன்னாருங்க. வெயில்ல போடச் சொன்னாருங்க. கறி தின்னாதாம், எலை தழதானாம்."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. நான்கு பல்லிகளைப் புதைத்த மண்கூட இன்னும் காயவில்லை. முதுகை ஒடித்தவர் வந்து எனக்கு வைத்தியம் சொல்கிறார். இருபது வருடம் வேலை பார்த்தவள் நான்.

"அவரு சொன்னா நாம கேக்கணுமா? இன்னொரு தடவ கேட்டுப் பக்கம் நின்னா போலீசுக்குச் சொல்லுவேன்னு சொல்லு" என்றேன்.

நாச்சிமுத்து தயங்கி நின்றான். "ஒருநா வெயில்ல வெச்சுத்தான் பாக்கலாமுங்களாக்கா?"

"வெயில் எங்க இருக்குது?" என்று கேட்டேன். உண்மையிலேயே இல்லை, மலை முழுக்க மேகம். ஆனால் அதற்காக நான் அப்படிச் சொல்லவில்லை.

ஆறாம் நாள் ஒன்று செத்தது. வாயைத் திறந்துகொண்டு, மூச்சு விடும்போது சிறு குமிழி வந்தது. இரவு குளிர்ந்துவிட்டதோ என்று ஜன்னலைச் சாத்தினோம், தண்ணீர் அடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஒன்பதாம் நாள் இன்னொன்று. டாக்டர் அறுத்துப் பார்த்தார். நான் பலவந்தமாக வாயில் ஊட்டிய முட்டை வயிற்றில் அப்படியே கெட்டுப்போய்க் கிடந்தது. பதினோராம் நாள் மூன்றாவது. மூன்றுக்கும் அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். காரணம் என்ற கட்டத்தில், 'பிடித்து அடைத்து நெடுந்தூரம் கொண்டுவந்த அதிர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்கள் நம் தொழிலில் ரெடிமேடாக இருக்கும், நீங்களும் பார்ப்பீர்கள்.

நான்குதான் மிச்சம். அதில் ஒன்றுக்கு வால் நுனி எப்போதோ அறுந்து போயிருந்தது. நாச்சிமுத்து அதற்குக் கட்டவால் என்று பேர் வைத்திருந்தான். பன்னிரண்டாம் நாள் காலையில் கட்டவாலும் வாயைத் திறந்து மூச்சு விட்டது.

அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. இருபது வருடத்தில் அது முதல் தடவை. பயமாக இருந்தது. மணி பத்தே கால். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் எதிர்ப் பேக்கரியில் டீ குடிப்பார் என்று நாச்சிமுத்து எப்போதோ சொல்லியிருந்தான். வழக்குச் சொத்தைக் காக்கிறவள் குற்றம் சாட்டப்பட்டவரோடு உட்கார்ந்து பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். மேனேஜரைக் கேட்டால் எழுதிக் கொடுங்கள் என்பார், எழுதினால் பதில் வர ஒரு வாரம். கட்டவாலுக்கு ஒரு வாரம் இல்லை. நான் ரோட்டைக் கடந்தேன்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். துவைத்த வெள்ளைச் சட்டை, காலில் கட்டு. பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதிக்காரர் செய்யக் கூடாத காரியம். என் சீருடையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"உக்காருங்க" என்றேன். அறைவதாக நான் சொல்லியிருந்த கை டீ டம்ளரைப் பிடித்திருந்தது.

"எத்தன இருக்குதுங்கம்மணி?" என்று அவர்தான் முதலில் கேட்டார்.

"நாலு."

கணக்குப் பார்ப்பது போல முகத்தைச் சுருக்கினார். "கறுப்பா இருக்குதுங்களா, வெளுப்பா இருக்குதுங்களா?"

"அதோட நெறமே கறுப்புதானுங்களே."

"இல்லீங்கம்மணி. அது குளுருல கறுக்கறது. வெயில் ஏற ஏற வெளுத்து மணலு நெறத்துக்கு வந்துரும். வெளுத்தாத்தான் வவுத்துல அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். கறுப்பா இருக்கறப்ப எதக் குடுத்தாலும் உள்ள போயி அழுகிப்போகுமுங்க."

பையிலிருந்து பேனாவை எடுத்தேன். காகிதம் இல்லை. பேக்கரிக்காரர் பப்ஸ் வைத்துக் கொடுக்கும் பேப்பரை நீட்டினார்.

அவர் பவானிப் பக்கம். இளம் வயதில் ஜமக்காளம் சுமந்து வடக்கே போய் ஊர் ஊராக விற்றவர். பாலைவனத்து ஓரத்துக் கிராமங்களில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். ஜமக்காளம் விற்காத நாளில் தரையில் உட்கார்ந்து இதைத்தான் வேடிக்கை பார்த்தாராம். ஊர் போல நூறு வளை இருக்கும், ஆனால் ஒரு வளைக்கு ஓர் ஆள்தான். வளைக்குள் இன்னொன்று நுழைந்தால் முள்வாலாலேயே விளாசும். காலையில் தலையை மட்டும் வெளியே நீட்டி, வெயில் பிடித்து, பிறகு முழுசாக வந்து படுக்கும். உச்சி வெயிலில் உள்ளே போய்விடும், சாயங்காலம் மறுபடி வரும். உள்ளே போனதும் மண்ணைத் தள்ளி வாசலை அடைத்துக்கொள்ளும். பருந்து நிழல் தரையில் பட்டால் நூறு தலையும் ஒரே சமயத்தில் மறைந்துவிடும். இலை, பூ, விதை, காய். மழைக் காலத்தில் மட்டும் நாலு வண்டு. தண்ணீர் குடித்துத் தான் பார்த்ததே இல்லை என்றார். தின்கிற தழையில் இருக்கிற ஈரமே அதற்குப் போதுமாம்.

"மூக்குல வெள்ளையா வருதுங்களே, அது என்ன சளி?"

அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. "அது உப்புங்கம்மணி. ஒடம்புல இருக்கற உப்ப மூக்கு வழியா வெளிய உடுது. வெயில்ல இருந்தா அதுவே உதிர்ந்துரும்."

பத்து நாளாக நாங்கள் களிம்பு பூசியது உப்புக்கு.

"இத்தன தெரிஞ்ச நீங்க முதுக ஏன் ஒடச்சீங்க?" என்று கேட்டேன். கேட்காமல் எழுந்து வர என்னால் முடியவில்லை.

"ஓடிப்போயிருமுங்க" என்றார். சாக்குப்போக்கு இல்லை, வருத்தமும் இல்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னார்.

"எங்களுக்கு எதுக்கு இதெல்லாம் சொல்றீங்க?"

"செத்தா என்ர தலையிலதானுங்களே எழுதுவாங்க" என்றார். பிறகு கொஞ்சம் பொறுத்து, "அதுகளுமே பொழைக்கட்டுமுங்க" என்றார். இரண்டில் எது முதல் காரணம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். அவரை நல்லவர் என்று நான் உங்களுக்குச் சொல்லவில்லை. அந்த நான்கு பல்லிகள் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. ஆனால் நம் தொழிலில் பாதியை, ஓர் உயிரைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை, அவர் நம்மைவிட நன்றாகச் செய்தார்.

அன்றைக்குப் பகலுக்குள் எல்லாவற்றையும் மாற்றினோம். மையத்திலேயே எல்லோரும் திட்டுகிற இடம் ஸ்டோர் ரூம், தகரக் கூரை, காற்று வராது, தீவன மூட்டை வைக்கப் போகிறவர்கள் வேர்த்து ஊற்ற வெளியே வருவார்கள். அதைத்தான் ஒழித்தோம். நாச்சிமுத்துவின் மச்சான் பல்லடத்தில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். குஞ்சுகளுக்கு வெப்பம் கொடுக்க அங்கே தொங்கவிடும் பெரிய பல்புகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். மணல் வேண்டும். ஆற்று மணலுக்கு எங்கே போவது, பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் நாலு மூட்டை எம்-சாண்ட் வாங்கினோம். பாலைவனத்துப் பல்லி, கிரஷரில் அரைத்த மணலில், கோழிக் குஞ்சு விளக்கின் கீழே. சரியான கொங்கு நாட்டுப் பாலைவனம்.

மேனேஜர் வந்து பார்த்தார். மில்லில் நிர்வாகம் பார்த்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர். "ஏனுங்கம்மா, நல்ல ரூமு இருக்கறப்ப குடோன்ல கொண்டாந்து போட்டிருக்கறீங்க? நாளைக்கு யாராச்சும் வந்து பாத்தா கொடுமைப்படுத்தறோம்பாங்க."

"நல்ல ரூம்லதான் சார் மூணு செத்துச்சு" என்றேன். அந்த ஒரு தடவைதான் நான் அதைச் சரியாகச் சொன்னேன்.

மதியம் இரண்டு மணிக்குக் கட்டவாலின் முதுகில் ஒரு சாம்பல் நிறம் வந்தது. மூன்று மணிக்கு வெளிறிய மஞ்சள். வேறு பல்லியை யாரோ மாற்றி வைத்துவிட்டது போல இருந்தது. நாச்சிமுத்து ரோட்டோரத்தில் பறித்து வந்த ஆவாரம்பூவை ஒரு கை போட்டான். கட்டவால் தலையைச் சாய்த்துப் பார்த்தது. நடந்து போய் ஒரு பூவைக் கவ்வி, கண்ணை மூடிக்கொண்டு மென்றது. நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. இதை உங்களிடம் சொல்ல வெட்கமில்லை.

நான்கும் பிழைத்தன. பழைய அட்டையைக் கிழித்துப்போட்டு, பப்ஸ் பேப்பரைப் பார்த்துப் புது அட்டை எழுதினேன். தகவல் தந்தவர் யார் என்று நேர்மையாகப் போட்டேன். மேனேஜர் அந்த வரியை எடுக்கச் சொன்னார், நான் மறுத்தேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். நாள் என்ற இடத்தில் 'பன்னிரண்டாம் நாள்' என்று எழுதும்போது கை நிற்கவில்லை.

மார்கழியில் இன்னொரு சோதனை வந்தது. பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே நான்கும் மணலைத் தோண்டி உள்ளே போய், வாசலை அடைத்துக்கொண்டன. ஒரு வாரம், இரண்டு வாரம், தலை தெரியவில்லை. மேனேஜருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"உள்ள உசுரோட இருக்குதான்னு எப்படித் தெரியும்? தோண்டிப் பாக்கலாமுங்க."

"தெரியாதுங்க சார். தோண்டக் கூடாது" என்றேன்.

"தெரியாதுன்னா எப்படிங்க அறிக்கை எழுதறது?"

"தெரியாதுன்னே எழுதறனுங்க சார்."

கதவுச் சாவியை என் இடுப்பிலேயே வைத்துக்கொண்டேன். நாற்பது நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். முப்பத்தொரு வருட வேலையில் எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது அந்த நாற்பது நாள்தான். தை முடிகிற சமயத்தில் ஒரு காலை, எம்-சாண்டில் நான்கு சப்பை மூக்குகள் தெரிந்தன. எல்லா மூக்கிலும் உப்பு.

பங்குனியில் உத்தரவு வந்து, டாக்டரே கூடப் போய் அவற்றின் மண்ணில் விட்டுவிட்டு வந்தார். அங்கிருந்து போன் செய்தார். "நாலும் எறங்கிருச்சுங்கம்மணி. ஒண்ணுகூடத் திரும்பிப் பாக்குலீங்க." நாச்சிமுத்துவிடம் சொன்னேன். "சொல்லிட்டுப் போகோணுமுன்னு மொறை தெரியாத ஒறம்பரைங்கக்கா" என்றான், ஆனால் அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தான்.

வழக்கு அதற்கு அடுத்த வருடம் விசாரணைக்கு வந்தது. நான் சாட்சி. தைலக்காரர் கூண்டில் நின்றார். காலில் இரண்டு விரல் எடுத்திருந்தார்கள்.

"பதினொன்றில் ஏழு இறந்தது, சரிங்களா?" என்றார் அரசு வக்கீல்.

"ஆமாங்க."

"நான்கு முதுகொடிந்து. மீதி மூன்று?"

என் அறிக்கையை என் கையிலேயே கொடுத்தார்கள். "பிடித்து அடைத்து நெடுந்தூரம் கொண்டுவந்த அதிர்ச்சி" என்று வாசித்தேன்.

எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். "மீதி நான்கும் பிழைத்தது என் கட்சிக்காரர் சொன்ன யோசனையால்தானே?"

"ஆமாங்க" என்றேன், தயங்காமல். கோர்ட்டில் ஒரு சலசலப்பு. அரசுத் தரப்புச் சாட்சி இப்படி ஒத்துக்கொள்வார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு முதுகு நிமிர்ந்தது.

"அந்த யோசனை உங்களுக்கு எப்போது கிடைத்தது?"

"பன்னிரண்டாம் நாள்."

"கிடைத்ததும் செய்தீர்களா?"

"அன்னைக்கே செஞ்சோமுங்க."

ஒவ்வொரு சொல்லும் நடந்ததுதான். பேக்கரியில் அவர் என்னிடம் சொன்னது பன்னிரண்டாம் நாள், அன்றைக்கே செய்தோம். மூன்றாம் நாள் கேட்டில் நின்று சொல்லி அனுப்பியதை வக்கீல் கேட்கவில்லை, அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். நாச்சிமுத்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நான் சாட்சிக் கூண்டில் நின்றேன். மூன்றாமவர் எதிர்க் கூண்டில் நின்று என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை.

வராந்தாவில் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

"கட்டவால் என்னாச்சுங்கம்மணி?" என்றார். அந்தப் பேரை நாச்சிமுத்து சொல்லியிருக்க வேண்டும்.

"ஊருக்குப் போயிருச்சுங்க. நல்லா இருந்துச்சு."

"நல்லதுங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்க. நாலுன்னாலும் ஏழுன்னாலும் எனக்கு ஒண்ணுதானுங்க" என்றார்.

திரும்பி வரும்போது டவுன் பஸ்ஸில், ஊர் நெருங்கும் சமயத்தில் நாச்சிமுத்து கேட்டான். "அக்கா, அன்னைக்குக் கேட்டுல அவரு சொன்னத நாந்தான் உங்ககிட்டச் சரியாச் சொல்லாம உட்டுட்டனுங்களா?"

அவன் எனக்கு ஒரு வழி காட்டினான். நான் தலையாட்டியிருந்தால் போதும், அந்த மூன்றும் அவன் தலையில் ஏறி, அவனும் சந்தோஷமாகச் சுமந்திருப்பான். "சரியாத்தான் சொன்ன" என்றேன். அதைச் சொல்ல வேண்டிய இடம் அந்தப் பஸ் இல்லை, கோர்ட்டு. அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

தீர்ப்பில் ஏழு உயிர் என்று இருந்தது. அவருக்குக் கிடைத்த தண்டனை அவருக்கு உரியதுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஏழில் மூன்று என்னுடையது. உபசாரம் செய்தது கூடத் தவறில்லை, தெரியாமல் செய்தோம். கேட்டில் வந்து நின்ற சொல்லை, சொன்னவர் யார் என்று பார்த்துத் திருப்பி அனுப்பினேன் பாருங்கள், அதற்குப் பிறகு ஒன்பது நாள் நான் தெரியாமல் செய்யவில்லை.

என் கடைசி வேலை நாளில் மேனேஜர் சால்வையை மடித்துக்கொண்டிருப்பதை ஜன்னலில் பார்த்துவிட்டுத்தான் ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மேஜையில் சிவப்புப் பேனாதான் கிடைத்தது.

உங்களில் யாராவது அந்த அட்டை அசிங்கமாக இருக்கிறது என்று புதிதாக டைப் அடித்து லேமினேட் செய்ய ஆசைப்படலாம். தாராளமாகச் செய்யுங்கள். அந்த அடித்தலையும் சேர்த்து டைப் அடியுங்கள்.